அம்மா பெயரில் நூறு சதவீதம்: கல்யாணத்துக்கு முன் எழுதிய ஒரு பி.எஃப். நாமினேஷன் என்ன ஆனது

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. பிரிவில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தவர் 2022 செப்டம்பரில் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 41. கொரட்டூரில் வாடகை வீடு, மனைவி, ஆறாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன். அம்மா வில்லிவாக்கத்தில் தம்பி வீட்டில். அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆகி முன்னமே காலமாகிவிட்டார். பி.எஃப். கணக்கில் வட்டியோடு சேர்த்து சுமார் 9.6 லட்சம் இருந்தது, பணியில் இருக்கும்போதே இறந்ததால் பி.எஃப்.போடு சேர்ந்த உயிர்க் காப்பீடான இ.டி.எல்.ஐ.யில் இருந்து 7 லட்சம் வரவேண்டியிருந்தது. இந்த 16.6 லட்சம் யாருக்கு என்பது முடிவாக ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்தக் குடும்பத்துக்கு க்ளெய்ம் பேப்பர் வேலைகளைப் பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில், குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆட்களைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். இதில் வில்லன் யாரும் கிடையாது. அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவர் முதல் வேலைக்குச் சேர்ந்தது 2004-ல். கல்யாணம் ஆகவில்லை. சேர்ந்த அன்று நீட்டிய காகிதங்களில் பி.எஃப். நாமினேஷனுக்கான படிவம் 2 ஒன்று. நாமினி பெயர் என்ற இடத்தில் அம்மா, உறவு என்ற இடத்தில் தாய், பங்கு என்ற இடத்தில் 100. இந்த ஊரில் கல்யாணம் ஆகாத பையன் வேறென்ன எழுதுவான்? 2009-ல் கல்யாணம். 2011-ல் மகள், 2015-ல் மகன். 2016-ல் கம்பெனி மாறினார், பழைய பி.எஃப். கணக்கை யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) வழியாகப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டார், பழைய கம்பெனியின் கிராஜுவிட்டியையும் (பணிக்கொடை) வாங்கிவிட்டார். புதுக் கம்பெனியில் கிராஜுவிட்டிக்கான படிவம் எஃப் நிரப்பும்போது பழையதைப் பார்த்தே எழுதியிருக்க வேண்டும், அதிலும் அம்மா, நூறு. ஆக, பதினெட்டு வருட வேலை வாழ்க்கையில் அவர் கையெழுத்தோடு இருந்த இரண்டு நாமினேஷன் காகிதத்திலும் மனைவி பெயர் இல்லை.

மனைவி மேல் அக்கறை இல்லாத மனிதரா என்றால், சத்தியமாக இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தம்பி கொண்டுவந்த நகல்

காரியம் எல்லாம் முடிந்த பிறகு தம்பி ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். 2004 படிவத்தின் ஜெராக்ஸ். அம்மா அதை ரேஷன் கார்டு, அப்பாவின் பென்ஷன் புத்தகத்தோடு சேர்த்து பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். "அண்ணன் கைப்பட எழுதினது சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது. கையெழுத்து இருக்கிறது, பெயர் இருக்கிறது, நூறு என்று இருக்கிறது.

ஆனால் அந்தக் காகிதம் 2009-ல் அவர் தாலி கட்டிய நாளிலேயே செத்துவிட்டது. 1952-ஆம் வருட பி.எஃப். திட்டத்தின் 61-ஆவது பத்தி இதை நேராகவே சொல்கிறது: உறுப்பினர் திருமணம் ஆனதும் புதிதாக நாமினேஷன் செய்ய வேண்டும், திருமணத்துக்கு முன் செய்தது எதுவும் செல்லாததாகக் கருதப்படும். அம்மா பெயர் எழுதியது தப்பு என்பதல்ல. அம்மாவும் குடும்பத்தில் ஒருவராக வரலாம். கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி அதே அம்மா பெயரை எழுதியிருந்தால்கூட அது வேறு கதை. முன்னே எழுதியது என்பதுதான் பிரச்சினை.

இந்த விதி பலருக்குத் தெரியாது. நான் பார்க்கும் வேலையில், கல்யாணம் ஆகிப் பத்து வருடம் ஆனவர்களிடம் நாமினி யார் என்று கேட்டால் "அப்பவே அம்மா பேர் கொடுத்துட்டேன் சார்" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். கொடுத்தது உண்மைதான், ஆனால் இப்போது அவர்கள் நாமினியே இல்லாதவர்கள், அது அவர்களுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க எச்.ஆர். ரூமுக்குப் போகிறோம், லீவு லெட்டர் கொடுக்கிறோம், திரும்பி வந்ததும் ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறோம். அந்த ஒரு வாரத்தில் ஒரு படிவத்தையும் கொடுக்கச் சொல்லும் கம்பெனிகள் மிகக் குறைவு. சொல்லும் இடங்களில் இந்த மாதிரி வழக்குகள் வருவதே இல்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

நாமினேஷன் இல்லை என்றால் பணம் எப்படிப் பிரியும்

செல்லும் நாமினேஷன் இல்லாவிட்டால் 70-ஆவது பத்திக்குப் போக வேண்டும். குடும்பத்தாருக்குச் சம பங்கு. குடும்பம் என்றால் யார் என்று திட்டத்திலேயே சொல்லியிருக்கிறது: ஆண் உறுப்பினருக்கு மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி மக்கள். பெண் உறுப்பினருக்குக் கணவர், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர், கணவரின் சார்ந்திருக்கும் பெற்றோர், இறந்த மகனின் குடும்பம். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இதில் எங்கேயும் இல்லை. தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர்கள், கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பிகளோடு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சார்ந்திருக்கும் பெற்றோர் இருக்கும்வரை உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது என்றுதான் அர்த்தம், தங்கை பெயரை எழுதினால் அது செல்லாது. குடும்பம் என்று யாருமே இல்லாதபோதுதான் வெளியார் பெயரை எழுதலாம்.

சம பங்கிலும் ஒரு விலக்கு இருக்கிறது. வேறு குடும்பத்தார் இருக்கும்போது பதினெட்டு வயது தாண்டிய மகனுக்கும், கணவர் உயிரோடு இருக்கும் திருமணமான மகளுக்கும் பங்கு கிடையாது. இந்த வழக்கில் பிள்ளைகள் சிறுவர்கள், அதனால் இருவருக்கும் உண்டு. ஆக மனைவி, மகள், மகன், அம்மா என நாலு பேர். ஆளுக்கு 4,15,000. இ.டி.எல்.ஐ. பணமும் பி.எஃப். யாருக்குப் போகிறதோ அவர்களுக்கே அதே வழியில் போகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போட்டேன். அந்த 7 லட்சம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: மாதச் சம்பளத்தை 15,000-க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதன் 35 மடங்கு 5.25 லட்சம், அதோடு கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதி, அதற்கும் உச்சவரம்பு 1.75 லட்சம். மொத்தம் 7.

நாலு பேர் என்று நான் எழுதிவிட்டேன், ஆனால் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. மனைவியின் அண்ணன், படித்தவர், விதியை வரிவரியாகப் படித்துவிட்டு வந்து கேட்டார்: "சார்ந்திருக்கும் பெற்றோர்னுதானே இருக்கு? இந்த அம்மாவுக்கு ரயில்வே ஃபேமிலி பென்ஷன் வருது, இருக்கறது சின்ன மகன் வீட்டுல. எப்படி டிபெண்டன்ட் ஆவாங்க?" அம்மாவை எடுத்துவிட்டால் மூன்று பங்கு, மூன்றும் தங்கை வீட்டுக்கே. தங்கைக்காகப் பேசுகிறார், அதில் குறை சொல்ல முடியாது. பென்ஷன் வாங்கும் தாய் சார்ந்திருப்பவரா இல்லையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆட்சேபம் என்று ஒன்று எழுத்தில் போய்விட்டால் க்ளெய்ம் அப்படியே நிற்கும், கோர்ட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்பார்கள். பிள்ளைகளுக்கு ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும்.

இந்தப் பக்கம் தம்பிக்கு ஒரு வக்கீல் இன்னொன்றைச் சொல்லியிருந்தார். பி.எஃப். சட்டத்தின் 10(2) பிரிவு, இறந்தவரின் பணம் நாமினியைச் சேரும், இறந்தவரின் கடனுக்காகக்கூட அதைத் தொட முடியாது என்கிறது, அதனால் நாமினிக்குத்தான் முழு உரிமை என்று. நாமினேஷன் செல்லும் என்றால் அது வலுவான வாதம்தான். ஆனால் இங்கே நாமினேஷனே இல்லையே. அப்புறம், நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, உரிமை வாரிசுச் சட்டப்படிதான் என்பது உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. 1984-ல் சர்பதி தேவி வழக்கில் இன்சூரன்ஸ் பணத்துக்குச் சொன்னது. 2009-ல் ஷிப்ரா சென்குப்தா வழக்கு இந்தக் குடும்பத்தின் கதையே போலிருக்கும்: கல்யாணத்துக்கு முன் தாயை நாமினியாகப் போட்டவர் இறந்துபோகிறார், மனைவி கேட்கிறார், வருங்கால வைப்பு நிதிப் பணம் வாரிசுச் சட்டப்படிதான் பிரியும் என்று தீர்ப்பு. இந்து ஆணுக்கு 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், எல்லோருக்கும் சம பங்கு. எந்த வழியில் போனாலும் அம்மாவுக்கு நூறு கிடையாது, அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றும் ஆகாது. இதைத்தான் இரண்டு பக்கமும் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

(இதே இடத்தில் அப்பா உயிரோடு இருந்திருந்தால்? இந்து ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் உண்டு, தந்தை இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்குப் பங்கே இல்லை. முஸ்லிம்களுக்குத் தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று, பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று. ஒரே தெருவில் மூன்று வீடு, மூன்று கணக்கு.)

வாட்ஸ்அப்பில் இருந்த ஒரு படம்

மனைவியின் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருந்தது. 2021 டிசம்பரில் அவர் அனுப்பியது. அந்த மாதம் எல்லாக் கம்பெனியிலும் ஆன்லைனில் இ-நாமினேஷன் செய்யுங்கள் செய்யுங்கள் என்று துரத்திக்கொண்டிருந்தார்கள், நினைவிருக்கும். படத்தில் மனைவியின் பெயர், புகைப்படம், பங்கு 60. அதற்குக் கீழே அம்மா, பங்கு 40. பிள்ளைகள் இருவரும் குடும்பப் பட்டியலில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிப் பங்கு ஒதுக்கவில்லை. படத்துக்கு அடியில் அவர் டைப் பண்ணியிருந்தது: "ஓடிபி வரல. ஆதார்ல பழைய நம்பர். சண்டே பாக்கறேன்."

இ-நாமினேஷனில் பெயர், பங்கு எல்லாம் போட்டு சேவ் பண்ணினால் மட்டும் போதாது. கடைசியில் ஆதார் வழியாக இ-கையொப்பம் போட வேண்டும், அதற்கு ஆதாரோடு இணைந்த நம்பருக்கு ஓ.டி.பி. வரும். அந்த நம்பர் எப்போதோ விட்டுப்போன சிம். கையொப்பம் விழாத நாமினேஷன், எழுதிக் கையெழுத்துப் போடாத காகிதம் போலத்தான், சட்டத்துக்கு அது இல்லாததே. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை வந்ததோ தெரியாது.

இந்த அறுபது நாற்பதை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் யோசித்திருக்கிறார். மனைவிக்குப் பென்ஷன் தனியாக வரும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஏனென்றால் பி.எஃப்.போடு சேர்ந்த 1995-ஆம் வருடப் பென்ஷன் திட்டம் வேறு விதி கொண்டது. அதில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்வரை பென்ஷன் அவர்களுக்குத்தான், அம்மா பெயரை எழுதினாலும் அம்மாவுக்குப் போகாது. மனைவிக்கு ஆயுள் முழுக்க, மறுமணம் செய்துகொண்டால் நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, ஆளுக்கு மனைவியின் பென்ஷனில் 25 சதவீதம், 25 வயது வரை. பணியில் இருக்கும்போது இறந்தால் பத்து வருடச் சேவை என்ற நிபந்தனையும் இதற்குக் கிடையாது. தொகை பெரிதில்லை, சட்டப்படி குறைந்தபட்சமே மாதம் 1,000 ரூபாய்தான், ஆனாலும் மாதாமாதம் வரும். ஆக பென்ஷன் மனைவி மக்களுக்கு என்று விதியே உறுதி செய்துவிடுகிறது. பி.எஃப்.பில்தான் நமக்குப் பிரித்துக்கொடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அம்மாவையும் விடக்கூடாது, மனைவியையும் விடக்கூடாது என்று நினைக்கும் ஆளுக்குச் சரியான இடம் அந்தப் பங்கு என்ற சிறிய கட்டம்தான்.

அந்தக் கட்டத்தை நாம் பயன்படுத்துவதே இல்லை. என் கைக்கு வந்த படிவங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே பெயர், நூறு. அம்மாவா மனைவியா என்று யாரோ ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன மாதிரி நினைத்துக்கொண்டு, ஒருவரைப் போட்டால் இன்னொருவர் மனம் புண்படும் என்று பயந்து, கடைசியில் எதையும் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். படிவம் அப்படிக் கேட்கவே இல்லை. குடும்பத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் எழுதலாம், 70-30, 50-25-25, எப்படி வேண்டுமானாலும். கூட்டினால் நூறு வர வேண்டும், அவ்வளவுதான். நாமினேஷன் இல்லாவிட்டால் பங்கு கிடைக்காத வயது வந்த மகன், கட்டிக்கொடுத்த மகள் இவர்களையும் அதில் சேர்க்கலாம்.

எப்படி முடிந்தது

அந்தப் படத்தை மனைவி எனக்குக் காட்டியபோது, "இதைக் காட்டினா அவங்களுக்கு நாப்பது கொடுக்கணும்னு ஆயிடுமா சார்?" என்று கேட்டார். ஆகாது, சட்டப்படி இதற்கு மதிப்பில்லை, காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம் என்றேன். இரண்டு வாரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே வில்லிவாக்கத்துக்குப் போய்விட்டார், என்னையும் கூப்பிட்டார்.

"அத்தை, இது அவர் அனுப்பினது. உங்களுக்கு நாப்பதுன்னு போட்டிருக்கார், பாருங்க" என்று போனை நீட்டினார். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். மகன் எடுத்த தன் போட்டோவைப் பார்த்தார். பிறகு கேட்டது, "நாப்பதுன்னா எவ்ளோம்மா வரும்?" 6,64,000 என்று நான் சொன்னேன். சம பங்கு என்றால் 4,15,000 என்பதையும் சொன்னேன். அங்கே இருந்த எல்லோருக்கும் ஒன்று புரிந்தது: விதிப்படி போனால் அம்மாவுக்கு மகன் நினைத்ததைவிடக் குறைவு, ஆனால் தம்பி கேட்ட நூறும் அவர் நினைத்ததில்லை, மைத்துனர் கேட்ட பூஜ்யமும் அவர் நினைத்ததில்லை.

சம பங்கை மாற்றி எழுத நமக்கு வழி இல்லை. பிள்ளைகளின் பங்கில் யாரும் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதனால் முடிவு இப்படி ஆனது. மனைவி அம்மாவின் பங்குக்கு ஆட்சேபம் சொல்ல மாட்டார், அம்மா 2004 படிவத்தை வைத்துத் தனியாக உரிமை கோர மாட்டார், எல்லோரும் சேர்ந்து ஒரே க்ளெய்ம். அம்மா மகனைச் சார்ந்திருந்தார் என்பதற்கு அவர் மாதாமாதம் ஐந்தாம் தேதி ஜிபேயில் அனுப்பிய 4,000 ரூபாய் பேங்க் ஸ்டேட்மென்டில் வரிசையாக இருந்தது, அதை இணைத்தோம். கம்பெனியில் இருந்து கிராஜுவிட்டி 83,077 ரூபாய். கடைசி அடிப்படைச் சம்பளம் 24,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஆறு வருடத்துக்கு. இறப்பில் ஐந்து வருட நிபந்தனை கிடையாது, இவருக்கு ஐந்தும் தாண்டியிருந்தது. படிவம் எஃப் கல்யாணத்துக்குப் பிறகு எழுதியது, அதில் அம்மா பெயர், அதனால் கம்பெனி அம்மாவிடமே கொடுத்தது. வாரிசுச் சட்டப்படி அதிலும் மனைவி மக்களுக்கு முக்கால் பங்கு உண்டு, கேட்டிருக்கலாம். மனைவி கேட்கவில்லை. அவர் எழுதின நாப்பதுக்குக் கொஞ்சமாவது கிட்ட வரட்டும் என்றார்.

பேப்பர் வேலையில் நாள் பிடித்தது பெயர்களில்தான். நம் ஊர் இனிஷியல் பிரச்சினை தெரிந்ததுதான். இறந்தவரின் பெயர் பி.எஃப்.பில் இனிஷியலோடு, ஆதாரில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக, பேங்கில் அப்பா பெயர் முன்னால். அம்மாவுக்கு ஆதாரில் ஒரு பெயர், ரயில்வே பென்ஷன் புத்தகத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர். இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அதைத் திருத்தின பிறகுதான் இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடிந்தது, அது தாசில்தார் அலுவலகத்தில் இருந்து வர வேண்டும், வி.ஏ.ஓ. விசாரணைக்கு வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் கேட்பார். எல்லாம் கைக்கு வந்த பிறகு இறப்பு க்ளெய்முக்கான ஒருங்கிணைந்த படிவம், அதிலேயே பி.எஃப்., பென்ஷன், இன்சூரன்ஸ் மூன்றையும் கேட்கலாம், முன்பு படிவம் 20, 10டி, 5ஐஎஃப் என்று தனித்தனியாக இருந்தது. பிள்ளைகளின் பங்கு அவர்கள் பெயரில் திறந்த பேங்க் கணக்கில், அவர்களைப் பெற்றவரான மனைவியே இயற்கைக் காப்பாளர்.

2023 ஆகஸ்ட்டில் பணம் வந்தது. வந்த விதத்தைப் பாருங்கள். கணவர் நினைத்தபடி நடந்திருந்தால் மனைவியின் கையில் 9,96,000 இருந்திருக்கும், எதற்கு எப்போது செலவு செய்வது என்பது அவர் பாடு. இப்போது அவர் கையில் 4,15,000. மகள், மகன் பெயரில் 8,30,000. வீட்டுக்கு வந்தது கூடுதல்தான், ஆனால் பெரும்பகுதி பிள்ளைகள் பெயரில் இருக்கிறது, அதை அவர்களுக்காக மட்டும்தான் எடுக்க வேண்டும். கணவர் இருந்தபோது வாங்கிய நகைக்கடனை அடைத்தது போக மனைவியிடம் மிச்சம் இருந்தது மிகக் கொஞ்சம். அவர் இப்போது பாடி பக்கம் ஒரு கார்மென்ட் யூனிட்டில் வேலைக்குப் போகிறார். இந்த வித்தியாசம் ஒரு ஓ.டி.பி. வராததால் வந்தது.

பெண்கள் பெயரில் உள்ள கணக்கு

இந்த வழக்கை மகளிர் அணி நடத்தும் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, கேள்வி எல்லாம் இந்தப் பக்கம்தான் வந்தது, அதனால் சேர்க்கிறேன். கல்யாணம் ஆன பெண்ணின் பழைய நாமினேஷனும் அதே விதியில் செல்லாமல் போகும். அதற்கு மேல் இந்துப் பெண்ணுக்கு வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு இருக்கிறது. உயில் இல்லாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்தது கணவரின் வாரிசுகள். அவர்களும் இல்லாவிட்டால்தான் பெண்ணின் தாய் தந்தை. பிள்ளை இல்லாமல் கணவரை இழந்து, பெற்றோர் வீட்டுக்கு வந்து, சொந்த உழைப்பில் சேர்த்த பணத்துக்கும் இதே வரிசைதான். பெற்ற தாயோடு இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்த பெண்ணின் பேங்க் டெபாசிட், முகமே பார்க்காத கொழுந்தன்மாருக்குப் போகலாம். இது அநியாயமான வரிசை, மாற்ற வேண்டியது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மாறும்வரை நம் கையில் இருப்பது இரண்டு: பி.எஃப்.பில் சார்ந்திருக்கும் தாய் தந்தை பெயரை நாமினியாகப் போடுவது, மற்ற பணத்துக்கு உயில் எழுதுவது. பேங்க் டெபாசிட்டில் நாமினி போட்டாலும் அவர் வாங்கிக்கொடுக்கும் ஆள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது, அதனால் அங்கே நாமினி மட்டும் போதாது.

பிரிந்து வாழும் பெண்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று. விவாகரத்து ஆகாமல் இருந்தாலும், பெண் உறுப்பினர் பி.எஃப். ஆணையருக்கு எழுத்தில் தெரிவித்துக் கணவரைக் குடும்பத்தில் இருந்து விலக்கலாம், அப்போது கணவரின் பெற்றோரும் விலகிவிடுவார்கள். ஆணுக்கு இந்த வழி இவ்வளவு எளிதில்லை, மனைவிக்கு ஜீவனாம்ச உரிமை சட்டப்படி போய்விட்டது என்று நிரூபிக்க வேண்டும். கூட்டத்தில் இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஓர் அம்மா பேனாவைக் கேட்டு வாங்கி உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார்.

செய்ய நினைப்பவர்களுக்கு

முதலில் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய நம்பர் என்றால் ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிவிட்டுத்தான் மற்றது. அப்புறம் யு.ஏ.என். தளத்தில் உங்கள் போட்டோ ஏறியிருக்க வேண்டும், குடும்பத்தாரின் ஆதார் எண், பிறந்த தேதி, போட்டோ கையில் இருக்க வேண்டும். பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், வீட்டுப் பெயர் வேண்டாம். பங்கு போட்டு, சேவ் பண்ணி, இ-கையொப்பமும் முடித்த பிறகு, மறுபடி உள்ளே போய் நாமினேஷன் நிலுவையில் இல்லாமல் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கிராஜுவிட்டிக்கு இது சேராது, அது கம்பெனியில் தனிக் காகிதம். என்.பி.எஸ். (தேசியப் பென்ஷன் திட்டம்) இருந்தால் அங்கே தனி, மூன்று பேர் வரை எழுதலாம். பேங்கில் 2025 நவம்பர் முதல் நாலு பேர் வரை எழுதலாம்.

அந்தத் தம்பி பிறகு என்னிடம் வந்தார், தன் நாமினேஷனை மாற்ற. அவருக்கும் கல்யாணத்துக்கு முன் எழுதிய படிவம்தான், அதிலும் அம்மா நூறு. மனைவிக்கு 50, அம்மாவுக்கு 30, பெண் குழந்தைக்கு 20 என்று போட்டார். போடும்போது "அம்மாவுக்கு மெசேஜ் ஏதாவது போகுமா சார்?" என்று கேட்டார். போகாது. யாருடைய சம்மதமும் தேவையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாகக் கையொப்பமிட்டதுதான் செல்லும்.